ராக்கம்மாள் கொதிக்க வைத்த குழம்பு

ஓய்வு பெற்றவளை ஆபீசுக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் இருக்கும். யாருக்காவது பிரிவு உபசாரம் நடக்கும், இல்லையென்றால் பழைய பீரோவின் சாவி தொலைந்திருக்கும். இந்த முறை இரண்டும் இல்லை. புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, பார்க்க வாங்க அக்கா என்று ஃபாத்திமா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண் அவள்.

மெஷின் ஒரு மிக்ஸி பெட்டி அளவுதான் இருந்தது. கோழிக்கறியில் கெட்ட கிருமி இருக்கிறதா என்பதை அதன் மரபணுவை வைத்தே கண்டுபிடித்துவிடுமாம்.

"சாயங்காலம் கறியை ஊற வச்சா மறுநாள் ரிசல்ட் வந்துரும் அக்கா. நீங்கல்லாம் வாரம் பூரா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"காத்துக்கிட்டு இருந்தோம்டி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நார்த்தாமலைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது, அவள் கேட்டதற்கு ஒழுங்கான பதிலை எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றியது. மெஷின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அது வந்திருந்தால் என் தலையில் இன்னும் நாலு முடி கறுப்பாக இருந்திருக்கும்.

நான் படித்தது விலங்கியல். அதன்பிறகு ஆய்வுக்கூடப் பயிற்சி. வேலையில் சேர்ந்து முதல் வருஷம் முழுக்கப் பாட்டில் கழுவினேன், இரண்டாம் வருஷம் கிருமிகளுக்குச் சமைத்தேன். சமைத்தேன் என்பது வெறும் பேச்சில்லை. கிருமி வளர்வதற்கான கூழை அளந்து, கரைத்து, பிரஷர் குக்கரின் அண்ணன் மாதிரி இருக்கும் ஒரு பாத்திரத்தில் வேகவைத்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறையவிட வேண்டும். வீட்டில் என் ரசத்தைக் குறை சொன்ன என் கணவர், "கிருமிக்கு மட்டும் பக்குவமா ஆக்கிப் போடுற" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

கறிக்கடைகளுக்குப் போய் மாதிரி எடுத்து வருவதும் எங்கள் வேலைதான். கிருமி அதிகம் தங்குவது கோழியின் கழுத்துத் தோலில். அதைக் கேட்டால் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "நாய்க்கா மேடம்? இந்தாங்க, சும்மா எடுத்துக்கங்க" என்று ஒரு பை நிறையக் கொடுத்தவர்களும் உண்டு. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பக்கத்து சீட் காலியாகிவிடும். அந்த மட்டுக்கும் அது வசதி.

எங்கள் மேலதிகாரி சண்முகநாதன் சார், கால்நடை மருத்துவம் படித்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும் மனிதர் அவர். "கொஞ்சம் தயவு செஞ்சு அங்கிட்டு நிக்கிறீங்களா" என்றார் என்றால் நாம் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். அட்டெண்டரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார், அதனாலேயே அட்டெண்டர் அவரைக் கண்டால் நடுங்குவார்.

தட்டு பார்க்கும்போது அவர் உட்கார மாட்டார். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தட்டை மூக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்.

"என்ன தெரியுது?"

ஆரம்பத்தில் நான் துள்ளிக்கொண்டு சொல்வேன். "சால்மொனெல்லா சார்!"

"அது உங்க மனசுல தெரியுறதும்மா. தட்டுல என்ன தெரியுது?"

"செவப்பா வட்டம். நடுவுல கருப்பு."

"அவ்வளவுதான். அதை மட்டும் எழுதுங்க."

இப்படியே வருஷக்கணக்கில் போயிற்று. என் மாமியாரே பரவாயில்லை என்று அப்போது நினைத்திருக்கிறேன். மாமியார் குழம்பில் உப்பு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவார், குழம்பில் என்ன தெரிகிறது என்று கேட்க மாட்டார்.

ஃபாத்திமா கேட்ட கதைக்கு வருகிறேன். சால்மொனெல்லா என்பது கோழிக்கறியில் நாங்கள் முதலில் தேடும் கிருமி. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஆளைப் போட்டுப் புரட்டிவிடும். ஐஸிலும் கழுவிய தண்ணீரிலும் கிடந்து வரும் கிருமி அரை உயிராக இருக்கும். அதை எடுத்த எடுப்பில் கடுமையான கூழில் போட்டால் செத்துப்போகும், நாமும் கிருமி இல்லை என்று தப்பாகச் சொல்லிவிடுவோம். பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போல, கறியைப் பெப்டோன் என்ற சத்துப்பொடி மட்டும் கரைத்த தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி இன்குபேட்டர் பெட்டியின் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். தெம்பு வந்தபின், மற்றக் கிருமிகளை அடக்கி இதை மட்டும் வளரவிடும் ஒரு பச்சை நிறக் குழம்பில் இன்னொரு ராத்திரி. பிறகு அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துச் சிவப்புத் தட்டில் கோடாக இழுக்க வேண்டும். மறுநாள் சிவப்பு வட்டத்தின் நடுவில் கருப்புப் பொட்டு வந்தால் சந்தேகம். அது சந்தேகம் மட்டும்தான். அதற்குமேல் குழாய்ச் சோதனைகள், கடைசியில் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு சீரம். அதில் கலந்ததும் சால்மொனெல்லா என்றால் தயிர் மாதிரி திரளும். இத்தனையும் முடிந்தபிறகுதான் அந்தப் பெயரைச் சார் வாய்விட்டுச் சொல்வார்.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு குலசாமி கோயிலில் நடந்த காதுகுத்து விருந்தில் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலியும் போக்கும் என்று ஒரு நாள் தகவல் வந்தது. பேத்திக்குக் காது குத்தியவர் கருப்பையா. கோழி வாங்கியது பஜாரில் ஜபருல்லா பாய் கடையில். சவுதியில் பல வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர் அவர். "பாய் கடைக் கோழிதான் விஷமாப் போச்சு" என்று கருப்பையா பஸ் ஸ்டாண்டிலேயே நின்று கத்திவிட்டார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார், சோதனை முடியும்வரை கடையைப் பூட்டி முத்திரை வைத்தார், கடையிலிருந்த கறியையும் கழுத்துத் தோலையும் எங்களுக்கு அனுப்பினார். அவர் செய்தது முறைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விருந்தில் மிஞ்சிய குழம்பு கொஞ்சம் இருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றும் அதிகாரி சொல்லியிருந்தார். கருப்பையாவும் அவர் மனைவி ராக்கம்மாளும் அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டார்கள். ராக்கம்மாள் கையில் தூக்குவாளி. வாங்கினேன், கை சுட்டது.

"என்னம்மா இது, சூடா இருக்கு?"

"பின்ன? பழசு, ஆறிப்போனதையா ஆபீசருங்களுக்குக் கொண்டாந்து குடுப்பாக? நல்லா தளதளன்னு கொதிக்க வச்சுத்தான் எடுத்தாந்தேன். ரெண்டு கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டுருக்கேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விருந்தாளிக்கு ஆறிய குழம்பைக் கொடுக்காத அந்த மனசு பெரிய மனசுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்தக் கொதியில் கிருமியெல்லாம் கூண்டோடு போயிருக்கும். நோயாளிகள் சாப்பிட்டதற்கு ஒரே சாட்சி அந்தக் குழம்புதான். அதையும் சுத்தமாக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கறிவேப்பிலை போட்டதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்த்து நிற்கிறார்.

சண்முகநாதன் சார் தூக்குவாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ராக்கம்மாளிடம், "காப்பி குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். காப்பி வந்தது. அவர்கள் குடிக்கும்போது ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"கோயில்லயா ஆக்குனீங்க?"

"இல்லைங்க. கொலசாமி கோயில் பொட்டக்காட்டுக்குள்ள இருக்கு, தண்ணி இல்ல. சமையல் மாஸ்டருக்கும் மறுநா வேற எடத்துல முகூர்த்தம். அதனால மொத நா சாயங்காலமே வீட்டுல வந்து ஆக்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அண்டாவை மூடி, சூடு போகாம மேல சாக்குப் போட்டுப் பொத்தி வச்சோம். காலைல அப்படியே வேன்ல ஏத்திட்டோம்."

"அங்க மறுபடி சூடு பண்ணுனீங்களா?"

"மத்தியானம் வரைக்கும் வெதுவெதுன்னுதாங்க இருந்துச்சு. அப்பறம் எதுக்குன்னு விட்டுட்டோம்."

"எப்ப வயித்துவலி வந்துச்சு?"

"ராத்திரிதாங்க."

"காய்ச்சல், வாந்தி?"

"காய்ச்சல் இல்ல. வாந்தியும் ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடுனதுதான் ஓட்டம். மறுநா பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் கஞ்சி கேட்டுருச்சுக. எங்க மாமனாரு மட்டும் இன்னும் ஆஸ்பத்திரில இருக்காரு, வயசான ஆளுல்ல."

கருப்பையா பொறுமை இழந்தார். "சார், இம்புட்டு விசாரணை எதுக்கு? கோழி பாய் கடைக் கோழி. அதுல வேற என்ன சந்தேகம் ஒங்களுக்கு?"

"சந்தேகம் எங்க தொழிலுங்க" என்றார் சார். "தயவு செஞ்சு ஒரு வாரம் குடுங்க."

அவர்கள் போனதும் என்னிடம் திரும்பினார். "குழம்பையும் போடுங்க."

"கொதிச்சுப்போச்சே சார், அதுல என்ன இருக்கப் போகுது?"

"கொதிச்சாலும் சாகாதது ஒண்ணு இருக்குல்ல. அதைத் தேடுங்க."

அது கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி. கஷ்டகாலத்துக்கென்று தன்னைச் சுற்றிக் கெட்டியாக ஓடு கட்டிக்கொண்டு வித்தாகிவிடும், அந்த வித்து கொதியில்கூடப் பிழைத்திருக்கும். காற்று இருந்தால் அதற்கு ஆகாது. அதனால் குழம்பை வேறு வகைத் தட்டுகளில் போட்டு, காற்றை எடுத்துவிடும் ஜாடிக்குள் மூடி வைத்தேன். கறிவேப்பிலையை எடுத்துவிட்டுத்தான் போட்டேன்.

கடைக்கறிக்கு வழக்கமான வரிசை. பெப்டோன் தண்ணீர், பச்சைக் குழம்பு, சிவப்புத் தட்டு. நாலாம் நாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். வட்டங்கள் வளர்ந்திருந்தன. நடுவில் கருப்பு.

தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். சார் வந்தார், ஜன்னலோரம் நின்றார், கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தெரியுது?"

"நடுவுல கருப்பு சார்."

"ம். யூரியா போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போய்விட்டார்.

கருப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வருவது சால்மொனெல்லா மட்டுமில்லை. புரோட்டியஸ் என்று ஒரு போக்கிரிக் கிருமி உண்டு. பச்சைக்கறியில் சாதாரணமாகக் கிடக்கும், சில சமயம் இதே வேஷம் போட்டுக்கொண்டு தட்டில் உட்காரும். இரண்டையும் பிரிக்க மஞ்சள் நிறத்தில் ஒரு யூரியாக் குழாய் இருக்கிறது. அதில் கிருமியைத் தடவி வைத்தால் சால்மொனெல்லா மஞ்சளை மாற்றாது. புரோட்டியஸ் மத்தியானத்துக்குள் ரோஸ் ஆக்கிவிடும்.

தடவி வைத்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் ஜபருல்லா பாய் நிற்கிறார், முடிவு கேட்கக் காலையிலேயே வந்துவிட்டாராம். எங்கள் அட்டெண்டரின் வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

"கருப்பா வந்துருக்காமே மேடம்?"

"இன்னும் முடியலைங்க பாய். இன்னும் சோதனை இருக்கு."

"கடை போனாப் போகுது மேடம், திரும்ப சவுதிக்குப் போயி லாரி ஓட்டிக்கிருவேன். ஆனா என் பிள்ளைக இந்த ஊர்லதான படிக்குதுக? வெசம் வித்தவன் புள்ளைன்னு சொல்லிட்டா அதுக எங்கிட்டு நடக்கும்?"

உட்காருங்க பாய் என்று மட்டும் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி கேட்டார், ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார், ஊர்ப் பிரமுகர் ஒருவர் கேட்டார். சால்மொனெல்லா என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வேலை முடிந்தது. சார் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "கருப்புங்கிறது ஒரு நெறங்க. அது பேரு இல்ல." பத்திரிகைக்காரர் மேலும் அழுத்தியிருப்பார் போலிருக்கிறது. "தாங்கள் பெரிய மனசு பண்ணி போனை வச்சிடுறீங்களா" என்ற குரல் அறைக்கு வெளியே வந்தது. அட்டெண்டர் மெதுவாகப் பின்பக்கம் நழுவினார்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய்ப் போய் இன்குபேட்டரைத் திறந்தேன். மஞ்சள். மறுபடி திறந்தேன். மஞ்சள்தான். "தயவு செஞ்சு அந்தக் கதவைச் சாத்தி வைக்கிறீங்களாம்மா, உள்ள குளிருது அதுகளுக்கு" என்றார் சார். சாத்திவிட்டு நகம் கடித்துக்கொண்டு நின்றேன். மாரியாத்தா, அந்த மனுசனைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டதை மறைக்க மாட்டேன். விஞ்ஞானம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும்.

அடுத்த முறை திறந்தபோது ஒரு குழாயின் மேல் ஓரத்தில் லேசாக ஒரு மாற்றம். வெளிச்சத்தில் பிடித்தேன். பன்னீர் ரோஜா நிறம். அடுத்ததிலும் அதே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கியது. ஒன்றுகூட மஞ்சளாக மிச்சமில்லை.

குழாய்த் தாங்கியைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்கு ஓடினேன். அவர் நிதானமாக எழுந்து, ஜன்னலுக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தெரியுது?"

"ரோஸ் தெரியுது சார். எல்லாத்துலயும் ரோஸ் தெரியுது." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"நல்லதும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் சோதனை முடிவைப் பார்த்து அவர் நல்லது என்று சொன்னது அந்த ஒரு முறைதான். அப்போதும் விடவில்லை, மிச்சச் சோதனைகளையும் முடிக்கச் சொன்னார். மறுநாள் சீரச் சோதனையிலும் ஒன்றும் திரளவில்லை.

ராக்கம்மாளின் குழம்பைப் போட்ட தட்டுகளிலோ கிளாஸ்ட்ரிடியம் வளர்ந்திருந்தது. அது மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. அதையும் பெயர் சொல்லும்வரை சார் சோதித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளிகளின் மாதிரிகளிலும் அதே கிருமி ஏராளமாக இருந்ததாகத் தகவல் வந்தது. நான் கேட்டேன், "கொதிக்க வச்சுக் கெடுத்துட்டாங்கன்னு நெனச்சேனே சார்?"

"நாமளும் இதைத் தேடுறப்ப மொதல்ல சூடு பண்ணுவோம்ல? மத்ததெல்லாம் சாகட்டும், வித்து மட்டும் நிக்கட்டும்னு. அந்தம்மா நம்ம வேலையில பாதியை முடிச்சுக் குடுத்துட்டாங்க. கறிவேப்பிலைதான் கூடுதல்" என்றார் சார். அவர் நகைச்சுவையாகப் பேசியதும் அந்த ஒரு முறைதான்.

அறிக்கையில், கடையின் கோழி சுத்தமானது என்று எழுதலாமே என்றேன். மாட்டேன் என்றார். சோதித்த மாதிரிகளில் சால்மொனெல்லா காணப்படவில்லை என்று மட்டும் எழுதினார். ஆனால் கருப்பையாவையும் ராக்கம்மாளையும் கூப்பிட்டு, அதிகாரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தானே எடுத்துச் சொன்னார்.

"இந்தக் கிருமி மண்ணுலயும் இருக்கும், எந்தக் கடைக் கோழியிலயும் இருக்கும். சுடச்சுடச் சாப்பிட்டிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்காது. ராத்திரி பூரா அண்டாவுல வெதுவெதுன்னு பொத்தி வச்சீங்கல்ல, அது பெருகுறதுக்கு அதைவிட நல்ல எடம் இல்லைங்க."

கருப்பையா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எங்க சனத்துக்கு நாங்களேதான் குடுத்துருக்கோமா?"

"தெரியாமத்தானேங்க நடந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சு நடமாடுறாங்கல்ல? ஒங்க அப்பாவும் வீட்டுக்கு வந்துட்டாராம். நிம்மதியாப் போங்க."

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

கடையின் முத்திரையை எடுத்துவிட்டார்கள். முத்திரையை எடுத்தால் போதுமா? ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பஜார் வழியாக வந்தால் ஜபருல்லா பாய் கடை திறந்திருக்கிறது, வாசலில் ஈ காக்கை இல்லை. பக்கத்துத் தெரு முனைக் கோழிக்கடையில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது. பாய் கறி வெட்டும் கட்டைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அறிக்கையை அவர் கையில் கொடுத்திருந்தோம். அதை யாரிடம் போய் அவர் படித்துக் காட்டுவார்? எதிரே டீக்கடையில் கருப்பையா உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவே இல்லை.

நான் வாங்கலாம் என்று ரோட்டைத் தாண்டினேன். எனக்கு முன்னால் ஒரு வயர் கூடை போயிற்று. ராக்கம்மாள்.

"பாய், ரெண்டு கிலோ போடுங்க" என்றார். குரலில் ஒளிவு மறைவே இல்லை, முனைக் கடை வரிசை திரும்பிப் பார்த்தது. "மொத நா ஆக்கி அண்டாவுல பொத்தி வச்சது நாங்க. எங்க அண்டாவுல கெட்டுப்போனதுக்கு ஒங்க பேரைக் கெடுத்துட்டோம். எங்க வீட்டு மனுசன் பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்துனாரு, அதனால நானும் கத்தித்தான் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

டீக்கடையில் கருப்பையா எழுந்து நின்றார். அங்கிருந்தே ஜபருல்லா பாயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாய் கோழியை எடுத்தார், அறுத்தார், சுத்தம் செய்தார். "சின்னத் துண்டா, பெரிய துண்டா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். பையை நீட்டும்போது, "இன்னைக்கே…" என்று ஆரம்பித்தார்.

"இன்னைக்கே ஆக்கி இன்னைக்கே தின்னுருவோம் பாய்! அதை நீங்க வேற சொல்லணுமா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். முனைக் கடை வரிசையிலிருந்து ஒரு ஆள் கழன்று இந்தப் பக்கம் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். பாய் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு கட்டையைக் கழுவினார். கழுவிய கட்டையை மறுபடியும் கழுவினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்து யாரு?"

"நான்தான் பாய்" என்றேன்.